நுரை வராத புட்டி

டைபாய்டு காய்ச்சலில் மூன்று வாரம் படுத்து எழுந்து, பின்னந்தலையில் முடி சிக்குப் பிடித்துக் கட்டியாகிப்போய், "வெட்டிப் போட்டுடு, வளர்ந்துடும்" என்று சுற்றிலும் நாலு பேர் சொல்லிக்கொண்டிருக்க, தலையணையில் முகத்தைப் புதைத்துக் கிடக்கும் பெண் யாராவது இருந்தால், அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வெட்டத்தான் வேண்டும் என்றால் வெட்டிக்கொள்ளலாம்; அதில் அவமானம் ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் செய்து பார்க்க ஒரு வழி உண்டு. அந்த வழி காய்ச்சலுக்கு ஒன்பது மாதம் முன்பே என் கையில் இருந்தது. நான்தான் அதைத் தூர எறிந்தேன். அதையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்தக் கதை முழுமையாகும்.

எங்கள் வீடு ராயபுரத்தில், ரயில் பாதைக்குக் கிழக்கே. நைனா துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைத் தூக்கி மேலே எடுக்கும் வேலை. அம்மா சாக்குக் கிடங்கில் கிழிந்த கோணிகளைத் தைக்கிறவள். இரண்டு அண்ணன்களும் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள். எஸ்.எஸ்.எல்.சி. தேறியது நான் ஒருத்திதான். பதினோரு வருஷம், கிடங்குக்குக் கிளம்பும் முன், அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டித்தான் பள்ளிக்கு அனுப்பினாள். எழுத்து தெரியாதவள், என் படிப்பில் தன்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்பதுபோல அவ்வளவு கவனமாகப் பின்னுவாள். ஒரு பிசிறு தெரியாது. "ஆபீசர் வூட்டுப் பொண்ணு மாதிரி கீறே" என்று தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் கையைத் துடைப்பாள். என் தலைமுடிமேல் எனக்கு ஏன் அவ்வளவு பிடிவாதம் என்று ஆஸ்பத்திரியில் பலர் கேட்டார்கள். இதுதான் காரணம். அழகு அல்ல.

ஜூலையில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் சேர வேண்டும். இடம் கிடைத்துவிட்டது. ஏப்ரல் கடைசியில் காய்ச்சல் வந்தது.

முதலில் வெயில் காய்ச்சல் என்றே நினைத்தோம். சாதாரணக் காய்ச்சல் ஏறும், இறங்கும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு நாள் சாயங்காலமும் முந்தின நாளைவிட ஒரு படி மேலே போய் நின்றது. தலைவலி கண்ணுக்குப் பின்னால் ஆணி அடித்தது. ஏழாம் நாள் நாக்கு வெள்ளை பூத்தது. அண்ணன்கள் என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிக் காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியே நீண்ட பெஞ்சில் காலையிலிருந்து மதியம்வரை அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தேன். எதிரே சுவரில் 'எச்சில் துப்பாதீர்கள்' என்று எழுதியிருந்தது. அதை நான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே இருந்தேனாம்.

கையில் ரத்தம் எடுத்தார்கள். அது எதற்கு என்று பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ரத்தத்தைக் கொஞ்ச நேரம் வைத்தால் மேலே தெளிவாக ஒரு நீர் நிற்கும். அந்த நீரை, செத்த டைபாய்டு கிருமிகள் இருக்கும் கண்ணாடிக் குழாயில் விடுவார்கள். நோய் இருக்கிறவருடைய ரத்தமாக இருந்தால் அது அந்தக் கிருமிகளைப் பிடித்து, திரிதிரியாகச் சேர்த்துவிடும். என் ரத்தம் சேர்த்தது. டைபாய்டு என்று சீட்டில் எழுதினார்கள்.

"குடலுக்குள்ள புண்ணு இருக்கும்மா," என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். "மாத்திரை குடுக்கிறோம். ஆனா மாத்திரையவிடக் கஞ்சிதான் முக்கியம். பாசத்துல ஒரு இட்லியோ ரொட்டியோ குடுத்தீங்கன்னா, புண்ணு ஓட்டையாயிடும். அப்புறம் என்னைக் கேட்டுப் பிரயோஜனம் இல்ல."

அம்மா அந்த வார்த்தைக்குப் பயந்து, ஆரொரூட்டுக் கஞ்சியைக்கூட மூன்று முறை துணியில் வடிகட்டினாள்.

அடுத்த பத்து நாள் எனக்கு முழுசாக நினைவில் இல்லை. பக்கத்துக் கட்டிலில் நெட்டுக்குப்பத்துக் காசியம்மா இருந்தாள். மீன்காரி, குரல் அவள் ஊர் முகத்துவாரத்தைத் தாண்டி அக்கரைக்குக் கேட்கும். அவள் சொல்லித்தான் பாதி தெரியும். "ஜன்னியில நீ இன்னா சொன்னே தெரியுமா? ஏழாம் வாய்ப்பாடு! ஏழேழு நாப்பத்தொம்போதுன்னு கத்துறே. அவனவன் சாவும்போது சாமி பேரச் சொல்லுவான், இது கணக்குப் போட்டுகினு கீதேன்னு நானு நென்ச்சேன்."

காய்ச்சலை இறக்க என் தலையில் ஐஸ் பை வைத்தார்கள், ஈரத்துணி போட்டார்கள். அது உருகி, காய்ந்து, மறுபடி நனைந்து, வியர்வையோடு சேர்ந்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி உருட்டி, பின்னந்தலை முடி முழுவதும் ஒன்றாகிவிட்டது. காய்ச்சல் விட்டு முதன்முதலாகத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்த அன்று ஏதோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. கையை வைத்துப் பார்த்தேன். துறைமுகத்தில் லாஞ்சுப் படகுகளின் பக்கவாட்டில் இடிபடாமல் தொங்கவிட்டிருப்பார்களே கயிற்றுப் பந்து, அது என் தலையில் இருந்தது.

அன்று செவ்வாய்க்கிழமை. வார்டைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் நாகர்கோவில்காரர். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். அவர் முடியைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு புண் வைத்திருந்தது.

"இதைத் திறந்தாதான் மருந்து போட முடியும். சனிக்கிழமை காலையில பெரிய டாக்டர் வருவார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெட்டிடலாம்."

"வேணாம் சிஸ்டர்."

"வேணாம்னா? சீழ் பிடிச்சுதுன்னா மறுபடி காய்ச்சல் வரும்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நானே பிரிச்சுடறேன். பிரிக்க முடியலன்னா வெட்டுங்க."

கஞ்சிக் கிண்ணத்தைக்கூடத் தூக்க முடியாத நான் சொன்னதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புதான் வந்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. "சரி. வெள்ளிக்கிழமை சாயங்காலம்வரைக்கும்," என்றார்.

ஆயா முனியம்மா பெருக்குவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நானு கத்திரிய சாணை புடிச்சு வெச்சிருக்கேம்மா. நீ சொம்மா பேஜாரு பண்ணிக்காதே. எத்தினி தலைங்கள பார்த்துகினு கீறேன்."

அன்று சாயங்காலம் அம்மா தேங்காயெண்ணெய் கொண்டுவந்தாள். கட்டி முழுக்க ஊற்றி, ஊறவைத்துச் சீப்பைப் போட்டாள். எண்ணெய் மேலேயே நின்றது. உள்ளே அழுக்கும் வியர்வையும் இறுகிப்போய் ஒன்றும் நுழையவில்லை. சீப்பில் இரண்டு பல் உடைந்தது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. "வுடு கண்ணு, போவட்டும்," என்று அம்மாவே சொன்னாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னாள். அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிவாதம் இன்னும் ஏறியது.

தண்ணீர் விட்டு அலசலாமே என்று கேட்டால், அதற்கும் அம்மா சம்மதிக்கவில்லை. காய்ச்சல் விட்ட உடம்பு. தலைக்குத் தண்ணீர் விட்டால் ஜன்னி திரும்பும் என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம். சீயக்காய் போட்டுத் தேய்க்கலாமா என்று பெரிய சிஸ்டரைக் கேட்டேன்.

"சீயக்காயும் வேணாம், சோப்பும் வேணாம்," என்றார். "தேய்ச்சா இன்னும் சிக்கு இறுகும். நான் முன்னே வேலை செஞ்ச ஆஸ்பத்திரியில ஒரு வெள்ளைக்கார அம்மா ரெண்டு மாசம் படுக்கையில இருந்தாங்க. அவங்களுக்கும் இப்படித்தான் ஆச்சு. அவங்க ஊர்ல, தலை குளிச்சு முடிச்சதுக்கு அப்புறம் முடியில தடவி அலசறதுக்குன்னே ஒரு பசை உண்டு. பால் மாதிரி இருக்கும். அழுக்கு எடுக்காது, நுரையே வராது, கையில விட்டா விலாங்கு மாதிரி வழுக்கும். அதைப் போட்டு ஒவ்வொரு இழையா பிரிச்சோம். அது இருந்தா பார்க்கலாம். இங்க எங்க கிடைக்கும்?"

நுரையே வராது என்று அவர் சொன்னதும் எனக்குக் காது சூடாகிவிட்டது.

காதர் மாமா நைனாவின் தோஸ்து. துறைமுகத்தில் லாஞ்சில் வேலை. இருவரும் சின்னப் பையன்களாக மீன்பிடித் துறையில் ஒன்றாகக் குதித்து நீச்சல் கற்றவர்கள். ஒன்பது மாதம் முன், நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதற்கு, வெளிநாட்டுக் கப்பல் சமையல்காரன் ஒருவன் தந்த ஒரு புட்டியை அவர் எனக்குப் பரிசாகக் கொண்டுவந்தார். யானைத்தந்த நிறத்தில் உருண்டையான புட்டி. மேலே கூந்தலை விரித்துப் போட்ட ஒரு பெண்ணின் படம். "படிச்ச பொண்ணுக்குத்தான் இது லாயக்கு. எங்க வூட்டுல யாரு படிக்கப் போறா?" என்றார்.

வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். நைனா புட்டியை என் கையில் கொடுத்து, "இன்னா போட்டுருக்கான், படிச்சு சொல்லு கண்ணு," என்றார். புட்டியின் பின்பக்கம் பொடி இங்கிலீஷ் எழுத்தில் பத்துப் பன்னிரண்டு வரி இருந்தது. முதல் வரியிலேயே தெரியாத சொல் வந்தது. பத்துப் பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே படிக்கவில்லை. படத்தைப் பார்த்தேன், கண்ணை எழுத்துகளின்மேல் ஓட்டுவதுபோல ஓட்டினேன், "ஷாம்பு. தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கிறது," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன், எண்ணெய்த் தலையில் அதை ஊற்றித் தேய்த்தேன். நுரை வரவில்லை. இன்னும் ஊற்றினேன். எண்ணெய் போகவில்லை, தலை முழுவதும் கொழகொழவென்று ஆயிற்று. ஐந்து குடம் தண்ணீர் தீர்ந்தது. மாதா கோயிலுக்குப் போன வழியில் ஒருத்தி, "இன்னாடி பிலோமினா, குளிச்சியா எண்ணெ தேச்சுகினியா?" என்றாள். எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து நைனாவிடம், "அது போலி. புட்டி அசலு, உள்ள வேற என்னமோ ஊத்திக் குடுத்திருக்காங்க," என்றேன். அப்போதும் புட்டி என் கையில்தான் இருந்தது. பொடி எழுத்தும் அதிலேயேதான் இருந்தது.

நைனா அதை மறுநாள் துறைமுக வாசலில், எல்லோர் எதிரிலும், காதர் மாமாவின் கையில் திணித்திருக்கிறார். "போலிய குடுத்து என் பொண்ண தெருவுல சிரிக்க வெச்சிட்டியேடா! என் பொண்ணு படிச்சுப் பார்த்து சொல்லிச்சு!" என்று கத்தியிருக்கிறார். அண்ணன் வந்து சொன்னான். அதற்குப் பிறகு இருவரும் பேசவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அம்மா செய்த கல்கல் பலகாரம் காதர் மாமா வீட்டுக்குப் போகவில்லை. ரம்ஜானுக்கு அங்கேயிருந்து பிரியாணி வரவில்லை. நைனா சாப்பிடும்போது இரண்டு முறை வாசலைப் பார்த்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை மதியம் முழுவதும் படுத்தபடி யோசித்தேன். புட்டி காதர் மாமாவிடம் இருக்கலாம். வாங்கிவரச் சொல்ல வேண்டும். 'போலியாக இருந்தாலும் பரவாயில்லையாம், சிஸ்டர் கேட்கிறார்' என்று சொன்னால் போதும். யாருக்கும் எதுவும் தெரியவராது. அந்தப் பொய்யை மனதில் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே நன்றாகத்தான் வந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் நைனா அந்த வாசலுக்குப் போகமாட்டார். போலி கொடுத்தவன் வீட்டில் போய் அதே போலியைக் கேட்கிற ஆள் அல்ல அவர். என் முடி வேண்டுமென்றால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

தொற்று வார்டு, ஒரு நோயாளிக்கு ஒருவர்தான் உள்ளே வரலாம். அம்மா உள்ளே இருந்தால் நைனா வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நாலு மணிக்கு வந்து நின்றார். என் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் காசியம்மாவின் கட்டில்.

"நைனா, அந்தப் புட்டி போலி இல்ல. நான் படிக்காமலே சொல்லிட்டேன்."

என் குரல் அவ்வளவுதான் வந்தது.

"இன்னா கண்ணு? காதுல வுழல."

மறுபடி சொன்னேன். நைனா கம்பியில் காதை வைத்தார். கேட்கவில்லை. காசியம்மாவுக்குப் பொறுமை இல்லை. எழுந்து உட்கார்ந்து, ஜன்னலைப் பார்த்து முழுக் குரலில் ஆரம்பித்தாள்.

"யோவ், உன் பொண்ணு இன்னா சொல்லுதுன்னா, ஏதோ ஒரு புட்டியாமே, அது போலி இல்லியாம்! அத இது படிக்கவே இல்லியாம்! படிச்ச மாதிரி சொம்மா உட்டுச்சாம்! இன்னாம்மா, அதானே சொன்னே?"

வார்டில் இருபது கட்டில். எல்லாத் தலையும் திரும்பின. மூலையில் பெருக்கிக்கொண்டிருந்த முனியம்மாவும் திரும்பினாள்.

"அதான்," என்றேன்.

அம்மா கையில் கஞ்சிக் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். நைனா தோளிலிருந்த துண்டை எடுத்தார். எதற்கு எடுத்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி போட்டுக்கொண்டார்.

"அப்போ காதரு ஏமாத்தல?"

"இல்ல நைனா. அதைத் தலை குளிச்சப்புறம் போடணுமாம். அது இருந்தா என் முடிய பிரிச்சுடலாம்னு சிஸ்டர் சொல்றாங்க."

இது அவருக்குக் கேட்டது. "எனக்கு எழுத்து தெரியாது," என்றார். "நீ சொன்னேன்னு நானு..." முடிக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை நாலு மணிக்கு ஜன்னல் காலியாக இருந்தது. நாலரைக்கும் யாரும் வரவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். முடிக்காக நைனாவையும் இழந்தேனா என்று நினைத்தேன். இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. ஒன்பது மாதமாக நெஞ்சில் கிடந்தது வெளியே போயிருந்தது.

ஐந்து மணிக்கு ஜன்னலில் ஒரு வெள்ளைத் தொப்பி தெரிந்தது. காதர் மாமா. கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"இன்னா டீச்சரம்மா, எப்டி கீறே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "நைனா எங்க மாமா?"

"கேட்டாண்ட நிக்கிறான். மூஞ்சி காட்டமாட்டேங்கறான். நேத்து ராத்திரி வூட்டு வாசப்படியில வந்து நின்னான். நின்னுகினே கீறான், பேசல. ஏண்டா சவரி, இன்னாடா ஆச்சுன்னேன். 'தப்பு ஆயிப்போச்சுடா'ன்னு குந்திட்டான். பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு என் வூட்டுக்காரி ஒப்பாரியே வெச்சிட்டா. அப்புறம் பார்த்தா, முடியாம்!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ சரியா படிக்கலியோன்னு எனக்கு அன்னிக்கே ஒரு தபா தோணிச்சும்மா. ஆனா நானு எத வெச்சு சொல்றது? எனக்கும் படிக்கத் தெரியாதே."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புட்டியில் முக்கால் பங்கு இருந்தது. அந்தப் பன்னிரண்டு வரியையும் அன்றைக்குத்தான் படித்தேன், பெரிய சிஸ்டர் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல. குளித்து அலசிய பின் முடியில் தடவவும், சிறிது நேரம் வைத்திருந்து அலசவும், சிக்கு நீங்கும் என்று தெளிவாகவே போட்டிருந்தது. "நம்ம குளிக்கிறதை விட்டுடுவோம். நேரா இதையே போடுவோம்," என்றார் சிஸ்டர். டாக்டரைக் கேட்டு வெதுவெதுப்பான தண்ணீருக்கு அனுமதி வாங்கிவந்தார். ஆனாலும் அம்மாவுக்குப் பயம் போகவில்லை. தண்ணீர்ச் சொம்பின்மேல் கட்டைவிரலால் சிலுவை போட்டுவிட்டுத்தான் ஊற்றவிட்டாள்.

செய்த விதத்தைச் சொல்கிறேன், தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். கட்டில் ஓரத்தில் ரப்பர் துணி விரித்து, தலை மட்டும் வெளியே தொங்கும்படி படுக்க வேண்டும். கீழே ஒரு பேசின். புண்ணின்மேல் பஞ்சு வைத்து மூடிக்கொள்ள வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரால் கட்டியை நனைத்து, அந்தப் பசையை உள்ளங்கையில் எடுத்துக் கட்டியின்மேல் வைத்து அமுக்க வேண்டும். தேய்க்கவே கூடாது. கால் மணி நேரம் சும்மா விட வேண்டும். நுரை வராது, வரவில்லையே என்று இன்னும் ஊற்றக் கூடாது.

கால் மணி கழித்துச் சிஸ்டர் சீப்பை நீட்டினார். அம்மா வாங்கவில்லை. கட்டியை விரலால் அமுக்கிப் பார்த்தாள், ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மடியிலிருந்து கோணி ஊசியை எடுத்தாள். கிடங்கிலிருந்து நேராக வந்தவள். ஊசி எப்போதும் மடியில்தான் இருக்கும். விரல் நீளத்துக்கு இரும்பு ஊசி. அதை வெந்நீரில் போட்டு எடுத்துத் திருப்பிப் பிடித்து, மொட்டையான காது முனையைக் கட்டியின் ஓரத்தில் விட்டாள்.

"ஐயோ, இன்னாமே இது, தலையா மூட்டையா?" என்றாள் காசியம்மா.

"மூட்டதான்," என்றாள் அம்மா. "சிக்குப் புடிச்ச சணலு இப்டிதான் இருக்கும். வேராண்ட புடிச்சு இழுத்தா இறுகிடும். நுனியாண்ட ஒரு இழை கெடைக்கும். அதப் புடிச்சா அது அடுத்தத காட்டிக்குடுக்கும்."

ஒரு இழை கிடைத்தது. வலிக்கவே இல்லை. பசையில் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்தது வந்தது. அம்மாவுக்கு இந்த வேலை தெரிந்திருந்தது. எண்ணெய் பூசிய அன்று தெரியாதவள்போல நின்றாளே, அப்போது கையில் சீப்பு இருந்தது.

வியாழக்கிழமை விளக்கு அணைக்கும்வரை பிரித்தாள். வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போகவில்லை. பசை, கால் மணி, ஊசி, மறுபடி பசை. பேசினில் உதிர்ந்த முடி நிறையவே விழுந்தது. எனக்குக் கழுத்து விட்டுப்போயிற்று. நடுவில் நடுவில் கஞ்சி கொடுத்தாள். மதியத்துக்குள் கட்டி பாதியாகிவிட்டது.

நாலு மணிக்கு முனியம்மா கத்திரியோடு வந்து நின்றாள்.

"இன்னா, ஆச்சா இல்லியா?"

"ஆய்கினு கீது, போ!" என்றாள் காசியம்மா. "கண்ணு தெரியல? வந்துட்டா கத்திரிய தூக்கிகினு."

"ஏய், உன்ன கேட்டனா? சிஸ்டரு சொன்னது சாங்காலம்."

"சாங்காலம்னா பொழுது போனாதான் சாங்காலம். வெளிய பாரு, வெயிலு கொளுத்துது."

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார். கட்டி இப்போது புளி உருண்டை அளவுக்கு வந்திருந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். "விளக்குப் போடும்வரைக்கும்," என்றார்.

விளக்குப் போட்டபோது மிச்சம் இருந்தது ஒரு நெல்லிக்காய் அளவு. அது புண்ணோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அம்மா ஊசியை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அம்மா, போதும். அதை மட்டும் வெட்டிடலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"நான் சொல்றேன். வெட்டச் சொல்லு."

முனியம்மா குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எடுத்தாள். மற்ற ஒரு முடிகூடச் சேதப்படவில்லை. "இந்தாடி! என் கத்திரிக்கும் ஒரு வேல குடுத்தியே, மவராசி," என்று அதை அம்மாவின் கையில் வைத்தாள். சிஸ்டர் புண்ணைத் துடைத்து மருந்து போட்டார். அம்மா மீதி முடியை எல்லாம் ஒரு பக்கமாக வாரி, புண் படாமல் தளர்வாக ஒற்றைப் பின்னல் போட்டாள். தள்ளி நின்று பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நாலு மணிக்கு ஜன்னலில் நைனாவும் காதர் மாமாவும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நைனா என் முகத்தைப் பார்க்கவில்லை, பின்னலைத்தான் பார்த்தார். "எத்தினி மணி நேரம் ஆச்சாம்?" என்று அம்மாவைக் கேட்டார். "ஒரு நாள் கூலி," என்றாள் அம்மா.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் கழித்து, நான் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த பிறகு, அந்த முடி கைப்பிடி கைப்பிடியாக உதிர்ந்தது. டைபாய்டு வந்தவர்களுக்கு அப்படித்தான் ஆகுமாம். கடும் காய்ச்சலில் உடம்பு முடி வளர்ப்பதை நிறுத்திவிடுகிறது. அப்படி நின்றுபோன முடி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கழன்று விழுகிறது. வேர் சாவதில்லை, மறுபடி வளரும் என்று டாக்டர் விளக்கினார். இவ்வளவு பாடுபட்டது இதற்குத்தானா என்று அண்ணன் கேட்டான். ஆமாம், இதற்குத்தான். உதிர்வது வேறு, வெட்டிக்கொடுப்பது வேறு. எலிவால் மாதிரி இருந்த பின்னலோடுதான் தினமும் வகுப்புக்குப் போனேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தாலும் போயிருப்பேன்.

சோப்பும் சீயக்காயும் அதற்குப் பிறகு ஒரு வருஷம் தலையில் படவே இல்லை. எண்ணெய் வைப்பதையும் விட்டுவிட்டேன். அந்தப் பசையை மட்டும் துளித்துளியாகப் போட்டு அலசினேன். எண்ணெய் இல்லாத தலைக்கு அதுவே போதுமாக இருந்தது. புட்டி தீர்ந்ததும் செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி எடுத்த கொழகொழப்பையும், ஊறவைத்து அரைத்த வெந்தயத்தையும் போட்டுப் பார்த்தேன். அதேபோல வழுக்குகிறது, அதேபோல நுரை வருவதில்லை, சிக்கும் விடுகிறது. ஆகையால் கப்பல் புட்டி கிடைக்காதவர்கள் கவலைப்பட வேண்டாம். அம்மா இப்போது எனக்குக் காதுவரை புதிதாக முளைத்திருக்கும் முடியைப் பின்னலுக்குள் அடக்கப் போராடுகிறாள்.

போன மாதம் ரம்ஜான் பிரியாணியோடு காதர் மாமா வந்தார். கூடவே ஒரு பச்சை நிறத் தகர டப்பா. எந்தக் கப்பல், எந்த ஊர் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் வழக்கம்போலப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"இந்தா டீச்சரம்மா. மெதுவா படி, அவசரமில்ல," என்று கண்ணடித்தார்.

மேலிருந்து கீழ்வரை எல்லா எழுத்தையும் படித்தேன். பக்கவாட்டில் இருந்ததையும் விடவில்லை. யாரோ, "இன்னாம்மா, சொல்லேன்," என்றார்கள். நான் நிமிர்ந்தேன்.

"மூணு வார்த்தை எனக்குத் தெரியல. பள்ளிக்கூடத்துல அகராதி இருக்கு. நாளைக்குப் பார்த்துட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொறக்காதீங்க."

நைனாதான் முதலில் பேசினார். எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த அன்று தெருவுக்குச் சொன்ன அதே குரலில், காதர் மாமாவின் முதுகில் ஓர் அறை அறைந்து சொன்னார்:

"கேட்டியாடா? தெரியலன்னு சொல்லுது!"